திருத்தாமல் விட்ட சொல்

பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சிவக்குமார் சார் அந்த வகுப்பை நடத்தினார். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போக விரும்பும் நர்ஸ்கள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி. படித்தல், கேட்டல், பேசுதல், எழுதுதல் என்று நான்கு பகுதிகள். நான்கிலும் தேறினால்தான் விமானம்.

சுபலட்சுமி பசுமலையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருட அனுபவம். அதே வார்டில் அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள் பாண்டிமீனா. திருவாதவூர் பக்கம். அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள், அப்பா வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். "நீயும் வா மீனா, இங்கிலீஷ்தானே, நான் பாத்துக்கிறேன்" என்று அவளை வகுப்புக்கு அழைத்து வந்ததே சுபலட்சுமிதான். அப்போது அவள் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. தனக்குப் பின்னால் ஒருத்தி நடந்து வருவது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் பேச்சுப் பயிற்சி. சார் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாத கிழவராக நடித்தார். நர்ஸ் அவரிடம் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். சுபலட்சுமி முதலில் போனாள். ஐந்து நிமிடம் ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினாள். அடுத்து பாண்டிமீனா. அவளுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "யூ ஆர் அஃப்ரெய்ட், சார்?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிலுக்காகக் காத்திருந்தாள். கிழவராக நடித்தவர், தன் பயத்தை எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முடிந்ததும் சார் எழுந்து நின்றார். "கவனிச்சீங்களா? சுபலட்சுமி நல்லாப் பேசுனாங்க. இந்தப் பொண்ணு என்னையப் பேச வச்சிருச்சு. மார்க்கு அங்கதான் இருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். சுபலட்சுமியும் தட்டினாள். ஆனால் விலாவுக்குள் ஏதோ சுருக்கென்றது. அன்று தொடங்கிய வலி அது. அதன் பிறகு வார்டில் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. ஆறாம் நம்பர் படுக்கைப் பாட்டி ஊசி போட மீனாதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது, டாக்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நாலு பேர் அவள் பக்கமாக நகர்ந்து உட்காருவது. இதெல்லாம் முன்பும் நடந்திருக்க வேண்டும். இப்போதுதான் எண்ணத் தோன்றியது.

பாண்டிமீனாவுக்கு எழுத்துதான் சிரமம். நோயாளியின் நிலையை விளக்கி டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும். தினம் ஒரு கடிதம் எழுதி, நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பாள். "அக்கா, கொஞ்சம் பாத்துத் தாங்கக்கா. சார்கிட்ட காட்ட வெக்கமா இருக்கு. நீங்க பாத்தாப் போதும்."

சுபலட்சுமி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பச்சை மையில் திருத்துவாள். ஒருநாள் ஒரு வரியில் அவள் பேனா நின்றது. நோயாளி எடை இழந்துவருகிறார் என்பதற்கு மீனா 'லூஸிங்' என்று எழுதியிருந்தாள், இரண்டு ஓ போட்டு. இழப்பதற்கு ஒரே ஒரு ஓ. இரண்டு போட்டால் அது தொளதொளப்பு, கட்டு தளர்வது. நம் காதுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். 'லூ' என்று நீட்டி ஒலிப்பதால் இரண்டு ஓ இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் தானாகவே கணக்குப் போட்டிருப்பாள். தப்பிலும் ஒரு நியாயம் இருந்தது.

கூடுதல் ஓவைப் பச்சையில் அடிக்கப் போன கை அப்படியே நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனாள். அங்கே விடுபட்ட ஒரு கமாவைப் போட்டாள்.

மறுநாள் நோட்டை வாங்கிக்கொண்ட மீனா, "இன்னிக்குத் தப்பு கம்மியாத்தான் இருக்கு போல" என்று சந்தோஷப்பட்டாள். சுபலட்சுமி தலையாட்டினாள்.

அந்தச் சொல் நர்ஸ்களின் கடிதங்களில் வராமல் இருக்காது. பசி இழந்தார், ரத்தம் இழந்தார், நினைவு இழந்தார், கணவரை இழந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு ஓ. இறந்தகாலத்தில் 'லாஸ்ட்' என்று மாற வேண்டிய இடத்திலும் மீனா அதே சொல்லின் வாலில் ஒரு 'டி'யை ஒட்டி 'லூஸ்டு' ஆக்கியிருந்தாள். சுபலட்சுமி ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒவ்வொன்றையும் தாண்டினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மூன்று முறை நினைத்ததுண்டு. ஆனால் மறுநாள் வகுப்பில் சார் மீனாவைப் பார்த்துச் சிரித்தால் போதும், அந்த எண்ணம் செத்துவிடும். இரண்டு மாதம் இப்படியே போனது.

தேர்வு முடிந்து முடிவு வந்தது. சுபலட்சுமி நான்கிலும் தேறினாள். பாண்டிமீனா மூன்றில் தேறினாள். பேச்சில் வகுப்பிலேயே அவள்தான் முதல். எழுத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்துபோனது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று மீனா போனில் அனுப்பியிருந்த மதிப்பெண்ணைப் பார்த்த சுபலட்சுமிக்கு முதலில் வந்தது நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் சாருக்கு நன்றி சொல்ல சுபலட்சுமியும் வகுப்புக்குப் போயிருந்தாள். சார் பாண்டிமீனாவிடம், தேர்வில் எழுதிய கடிதத்தை நினைவிலிருந்து திரும்ப எழுதச் சொன்னார். வாசித்தவர் புருவத்தைச் சுருக்கினார். "ஒரே வினைச்சொல்லு, ஆறு எடத்துல தப்பு. இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா படிக்கிறவனுக்கு ஒவ்வொரு தடவயும் கல்லுல இடிக்கும்ல?" பலகையில் இரண்டு சொற்களையும் எழுதினார். "ஒரு ஓ போட்டா கைய விட்டுப் போகுது. ரெண்டு ஓ போட்டா தளர்ந்து தொங்குது. போயிருச்சுன்னா 'லாஸ்ட்'. பஸ்ஸத் தவறவிட்டா இந்தச் சொல்லு வராது, அதுக்கு 'மிஸ்'. எங்க, உன் பழைய நோட்டக் கொடு."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கும் பச்சை. "யாரும்மா இதத் திருத்துனது? கமாவக்கூட விடல. இந்த ஒரு சொல்ல மட்டும் எல்லா எடத்துலயும் விட்டிருக்கு."

பாண்டிமீனா நோட்டைப் பார்த்தாள். அவளே ஒரு பக்கத்தைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு தலை நிமிராமல், "நானேதான் சார் திருத்திக்கிட்டேன்" என்றாள்.

சுபலட்சுமி மேசைமேல் இருந்த தன் பச்சைப் பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

வகுப்பு முடிந்து, மாட்டுத்தாவணி பஸ்ஸுக்காக மீனா நின்ற இடத்துக்குப் போனாள். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"மீனா, நான் பாத்தேன்."

"எத்தன தடவ பாத்தீங்க?"

"எல்லாத் தடவயும்."

ஒரு பஸ் வந்து போனது. மீனா ஏறவில்லை. "ஏங்க்கா?"

"அன்னிக்கு சார் உன்னையப் பாராட்டுனாரு. எனக்குத் தாங்கல."

"அம்புட்டுதானா?" மீனாவின் குரல் உடைந்தது. "நான் ஏதோ பெரிய தப்பு உங்களுக்குச் செஞ்சிட்டேனோன்னு இம்புட்டு நேரமா யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்புட்டுதானா அக்கா?"

அடுத்த பஸ்ஸில் மீனா போய்விட்டாள்.

மறுநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு சுபலட்சுமி எழுந்து நின்றாள். "சார், அந்த நோட்டத் திருத்துனது நான். தெரிஞ்சேதான் விட்டேன்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தேர்வில் தேறியவளுக்கு அங்கே வேலையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியிறங்கும்போது பின்னால் சார், "மீனா, இனிமே நோட்ட நேரா என்கிட்ட கொடு" என்பது கேட்டது. அதற்கும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தினமும் தன் கைக்கு வந்த நோட்டு இனி வேறொருவர் கைக்குப் போகும்.

வார்டில் வேலை சம்பந்தமாக மட்டும் பேசிக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து, மறுமுறை எழுதிய தேர்வில் மீனா தேறிவிட்ட செய்தியை சார் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டார். சுபலட்சுமி வாழ்த்து அடித்தாள், அழித்தாள், பிறகு போன் செய்தாள்.

"எழுத்துல எம்புட்டு?"

மீனா சொன்னாள். சுபலட்சுமி வாங்கியதைவிடப் பத்து அதிகம். விலாவுக்குள் அதே சுருக்.

"மீனா, எனக்குப் பொறாமையா இருக்கு."

மறுமுனையில் டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"தெரியும்க்கா" என்றாள் மீனா கடைசியில். "எப்பக் கெளம்புறீங்க?"

"பதினாலாந் தேதி."

"சொயட்டர் வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அங்க போய்க் குளிர்ல நின்னுக்கிட்டு வாங்காதீங்க. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகள்ல பாக்கலாம். ஞாயித்துக்கெழம எனக்கு லீவு." அவள் குரலில் பழைய இளக்கம் இன்னும் வரவில்லை. "நானும் வாங்கணும். பதினோரு மணிக்கு வாரேன். லேட்டாக்காதீங்க."