ஓரமில்லாத பலகை

“சதுரங்கத்துல என்னை ஜெயிச்சுட்டு என்ன வேணும்னாலும் கேளு, தரேன்” என்று ஆறு வருஷத்துக்கு முன்பு கணவன் மனைவியிடம் சொன்னான்.

“நிஜமாவா?”

“நான் என்னிக்குப் பேச்சு மாறியிருக்கேன்?”

பிள்ளையில்லாத தன் அக்காவின் கையில் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தையை அவன் தூக்கிக் கொடுத்திருந்த வாரம் அது. ஜெயித்தால் மனைவி என்ன கேட்பாள் என்று இருவருக்குமே தெரியும்.

அந்தச் சதுரங்கம் அவனே உண்டாக்கியது. நில அளவை அலுவலகத்திலிருந்து கட்டம் போட்ட தாள்களைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்புவான். ஒட்டகமும் வௌவாலும் காய்கள். பலகைக்கு ஓரம் கிடையாது. தன் ராஜா மாட்டும்போதெல்லாம் இன்னொரு தாளை ஒட்டித் தப்பவிடுவான்.

இன்று நாத்தனார் குழந்தையோடு வந்திருந்தாள். ஆட்டத்தில் மனைவி அவன் ராஜாவைத் துரத்தவேயில்லை. காய்களை வெகுதூரம் முன்னால் அனுப்பினாள்.

“என்னடி, ஒட்டகம் மேய்க்கவா போறே?” என்றான் கணவன்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராஜா வழக்கம்போல ஓடியது. நாலு பக்கமும் மனைவியின் காய்கள் காத்திருந்தன. புதுத் தாளோடு அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எந்தப் பக்கம் ஒட்டினாலும் ராஜாவுக்கு வழியில்லை.

“அம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்மா” என்று குழந்தை நாத்தனாரின் மடியில் முகம் புதைத்தது.

கணவன் நிதானமாகத் தாளைச் சுருட்டினான். “ஜெயிச்சுட்டே. கேளு. குழந்தை காதுல விழற மாதிரி கேளு பார்ப்போம்.”

மனைவி குழந்தையின் பக்கம் திரும்பினாள். குழந்தை அவளை ஏறிட்டுப் பார்த்தது.

“என் பொண்ணை எனக்குத் திருப்பிக் குடுங்க.”