நீண்டுபோன கடைசிக் கால்பகுதி

அந்த ஆட்டத்தின் நாலாவதும் கடைசியுமான கால்பகுதி தொடங்கியபோது பிறந்த ஆட்டுக்குட்டி, அது முடிவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டது என்பார் கிளாரி நோஸ்கி. மைதானத்தை ஒட்டியிருந்த வயலில் கோதுமை முளைத்து, கதிர்விட்டு, அறுப்பும் முடிந்து ரயிலேறிப் போய்விட்டதாம். வெள்ளைக் கோட்டுடன் வந்த கோல் நடுவர் நரைத்த தாடியுடன் வீடு திரும்பினாராம். ஆட்டக்காரர்களில் இரண்டு பேருக்கு மைதானத்திலேயே ஓய்வூதியம் வந்துவிட்டது என்று சொல்லும்போது, தட்டிலிருக்கும் ஆட்டிறைச்சி வறுவலை மறந்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரிப்பார்.

பந்தைக் கையால் பிடித்தும் காலால் உதைத்தும் ஆடுகிற ஃபுட்டிக்கான டல்கானா வட்டார லீக் இப்போது இல்லை. வருஷாவருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டல்கானா ஹோட்டலின் பின்னறையில் கூடிச் சாப்பிடுகிற பத்துப் பன்னிரண்டு கிழங்கள்தான் லீக். போரிலிருந்து திரும்பியவர்கள் ஆரம்பித்தபோது எட்டு ஊர்கள் ஆடின. மழை பொய்க்கப் பொய்க்க, பள்ளிக்கூடங்கள் மூடப்பட, ஒவ்வொரு ஊராகப் பக்கத்து ஊரோடு சேர்ந்தது, பிறகு அப்படிச் சேர்ந்த அணியும் காணாமல் போனது. கடைசி வருஷத்தில் மிஞ்சியவை யாரிலூப், டல்கானா என்று இரண்டே அணிகள். சனிக்கிழமை தவறாமல் அவை இரண்டும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. இரண்டுமே இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டதை ஊரே கொண்டாடியது என்பார் கிளாரி. இதில் மட்டும் அவர் ஒரு சொல்கூட மிகைப்படுத்தவில்லை.

அந்த இறுதிப் போட்டியில் யாரிலூப்பின் நேரக்காப்பாளர் கிளாரி. டல்கானாவின் நேரக்காப்பாளர் ஈனிட் டிரெவின் என்ற பெண். கம்பங்களின்மேல் நின்ற தகரக் கூண்டுக்குள் இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் கை தூக்கினால் ஆட்ட நேரம் நிற்கவேண்டும், கை இறங்கினால் ஓடவேண்டும். நடுவரைப் பார்த்துச் சொல்வது ஒருவர் வேலை; கடிகாரமும் சைரன் பொத்தானும் இன்னொருவர் கையில். கால்பகுதிக்குக் கால்பகுதி மாறிக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் பாக்கி என்பது கூண்டுக்கு வெளியே கடவுளுக்கே தெரியாது. கடைசிக் கால்பகுதியில் கடிகாரம் ஈனிட்டின் முறை.

"இந்த வருஷம் ஆட்டுக்குட்டிக்குப் பேரன் வந்தாச்சு. போன வருஷம் குட்டியோட நின்னுச்சே" என்றார் ஈனிட், பட்டாணியை முட்கரண்டியால் குத்தியபடி. "புளுகாத கிளாரி. கடிகாரம் என் மடியில இருந்துச்சு. முடிய வேண்டிய நேரத்துல முடிஞ்சுது."

"யோவ், நீ வாய மூடுய்யா" என்று யாரிலூப்காரர் ஒருவர் கிளாரியின் தோளை இடித்தார். "நாம ஜெயிச்ச கடைசிக் கோப்பை. அதுக்கு நீயே வேட்டு வைக்கிற."

எல்லோரும் சிரித்தார்கள். ஈனிட்டின் மகன் ராஸ் மட்டும் பீர் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு டல்கானா அணியின் தலைவன் அவன். அணி ஐந்து புள்ளி முன்னால் இருந்தபோது, நேராக நெஞ்சுக்கு வந்த பந்தைக் கை நழுவ விட்டவன். கீழே விழுந்ததை எடுத்து யாரிலூப் பையன் கோல் அடித்தான்; கோலுக்கு ஆறு புள்ளி. சைரன் ஊதியது. அதற்குப் பிறகு லீக்கே இல்லையாதலால் ராஸுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று வரவேயில்லை. ஊரில் இன்றைக்கும் யாராவது தட்டைக் கீழே போட்டால், "என்ன, ராஸ் வந்துட்டானா?" என்பார்கள். அவனும் கூடவே சிரிப்பான்.

சிரிப்பு அடங்கியதும் கிளாரி வழக்கம்போல அடுத்த புளுகுக்குப் போகவில்லை. கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

இறுதிப் போட்டி அன்று அவருடைய வண்டி எல்லைக்கோட்டை ஒட்டி, கூண்டுக்கு நேர் எதிரே நின்றிருந்தது. முன்னிருக்கையில் தலையணைகளுக்கு நடுவே அவர் மனைவி மெர்ல். கல்யாணமான நாளிலிருந்து யாரிலூப் அணிக்கு இடைவேளையில் ஆரஞ்சு நறுக்கிக் கொடுத்தவள். அன்றைக்கு அவளால் ஆரஞ்சைப் பிடிக்கக்கூட முடியவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் கட்டில் காத்திருந்தது. காலையிலேயே கிளம்பச் சொல்லியிருந்தார்கள். "சைரன் ஊதினதும் போலாம். அதுக்கு முன்னாடி என்னை அசைக்காதே" என்றுவிட்டாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கால்பகுதியில் கிளாரி நடுவரைப் பார்த்ததைவிட வண்டியின் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். தானியக் கிடங்கின் நிழல் மைதானத்தின் நடு வட்டம்வரை வந்தது. சைரன் ஊதவில்லை. நிழல் வட்டத்தைத் தாண்டியது. ஊதவில்லை. ஈனிட்டின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பினால் ஈனிட் ஊதிவிடுவாரோ என்று பயந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

மெர்லுக்கு அதிகப்படியாகக் கொஞ்ச நேரம் கிடைத்தது. அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதை அப்படியே சொல்லத் தெரியாமல்தான் முதல் வருஷம் கோதுமையை முளைக்கவிட்டார். பிறகு ஆட்டுக்குட்டி. பிறகு தாடி. வருஷாவருஷம் ஏற்றி ஏற்றி, அடியிலிருந்த நிஜம் நசுங்கி எங்கே போயிற்றென்று இப்போது அவருக்கே தெரியவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த நிழலை நினைத்துப் பார்த்தார். அது வட்டத்தைத் தாண்டியதா, தொட்டதா என்று நிச்சயமில்லை. அப்படியே ஈரக் கையோடு நின்றுவிட்டார்.

"ஈனிட் சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். "மத்த கால்பகுதி மாதிரிதான் இருந்திருக்கும். எனக்குத்தான் மெர்லை விட மனசில்ல. அதனால நீளமாத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

யாரிலூப்காரர், "அட, ஆட்டுக்குட்டி என்னய்யா ஆச்சு?" என்று கேட்டுப் பார்த்தார். கிளாரி புன்னகைக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. தாடிகளையும் கோதுமையையும் அவ்வளவு லேசாகத் தூக்கிய வாய், ஒரு சாதாரண உண்மையை இறக்கி வைத்துவிட்டு நடுங்கியது.

ஈனிட் வாயைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கிளாரியை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"ராஸ்."

"என்னம்மா?"

"அந்தப் பந்தை நீ விட்டியே, அப்போ ஆட்டம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு."

ராஸ் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோனவன் அங்கேயே நிறுத்தினான்.

"நீ ஜெயிச்சிட்டடா. நான்தான் ஊதல."

"என்னம்மா சொல்ற?" என்றான் ராஸ். சின்னக் குரல், நரைத்த ஆளின் குரல் போலவே இல்லை. "இத்தனை வருஷமா நான்..."

"தெரியும். தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். எப்படிச் சொல்றது? பெத்த புள்ளையவே ஏமாத்தினேன்னா?"

ராஸ் குவளையைக் கீழே வைத்தான். எழுந்திருக்கப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழவில்லை. பெரிய உள்ளங்கைகள் இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஈனிட்" என்றார் கிளாரி. "எனக்காகச் சொல்லாத. பாவம் பாத்துச் சொன்னியானா வேண்டாம்."

"உன்மேல எனக்கு என்னய்யா பாவம்? உன்னைப் பாத்து நான் நிறுத்தவும் இல்ல, உன்னைப் பாத்து ஊதவும் இல்ல. கடிகாரத்தை மடியில கவுத்துப் போட்டுட்டு உன் பொண்டாட்டியப் பாத்துக்கிட்டிருந்தேன். எந்நேரமும் ஆரஞ்சு நறுக்கறதுல என்னோட சண்டை போட்டவ. கண்ணாடிக்குப் பின்னால வாயைத் தொறந்து கத்திக்கிட்டிருந்தா. சத்தம் வந்திருக்காது, ஆனா கத்தினா. ஊதினா நீ அவளக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்னு ஊருக்கே தெரியும். நான் எப்படி ஊதறது?"

"அப்புறம் ஏன் ஊதின?"

"உங்க பையன் கோல் அடிச்சான்ல, எல்லா வண்டியும் ஹாரன் அடிச்சுது. உன் வண்டி மட்டும் அடிக்கல. நீ அப்போ சட்டைக் கையில மூஞ்சியத் துடைச்சுக்கிட்டிருந்த. நான் பாத்தேன்." ஈனிட் மடித்த கைக்குட்டையை மேசைமேல் வைத்தார். "முன்விளக்கு எரிஞ்சுது, கிளாரி. அணைஞ்சுது. நேரா கூண்டைப் பாத்து. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துது. தன் டீம் முன்னால வர்ற வரைக்கும் சும்மா இருந்துட்டு, வந்ததும் போதும்னா பாரு, கள்ளி. மறுபடி எரிஞ்சுது, அணைஞ்சுது. அதுக்கப்புறந்தான் ஊதினேன்."