கிளம்புவதற்கு முந்தின நாள்

மலைக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு அக்கம்பக்கத்தில் எல்லாரும், நான்தான் அடம்பிடித்து இழுத்துக்கொண்டு போனேன் என்று பேசினார்கள். பேசுகிறவர்கள் வாயை யார் மூடுவது?

அவர் என்றால் என் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பி வடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டிலும் பேச்சு குறைவு. நான் ஒன்று கேட்டால், பதில் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வருவதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் இறந்து இரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தேன். வந்து நாலு வருஷம் ஆகிறது. மூத்தவளின் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரைக் காப்பாற்றாமல் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

இந்த நாலு வருஷத்தில் நாங்கள் எங்கேயும் போனதில்லை. அடுத்த தெருக் கடைக்குக்கூட மூன்று பேரும் சேர்ந்து போனதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே, “லீவுக்கு மலைக்குப் போலாமா?” என்றார்.

“யாரு, நாமளா?”

“நாமதான்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையில் அந்த மலைக்குப் போகாத ஒரே ஆள் நான்தான். முதலாளி தேனிலவுக்குப் போனார், கூட வேலை பார்க்கிறவள் போன வருஷம் போய்விட்டு வந்து மூன்று மாதம் அதையே பேசி என் உயிரை எடுத்தாள். மறுநாள் நான் பழிக்குப் பழி வாங்கினேன். கண்ணாடி வாங்க வந்த முன்பின் தெரியாதவர்களிடம்கூட, “நாங்க மலைக்குப் போறோம்” என்று சொன்னேன். நான் கேட்டு அவர் தலையாட்டவில்லை, அவராகவே கூப்பிட்டார். அதுதான் எனக்குப் பெருமை. கடைசியில் இந்த வீட்டில் நானும் ஒரு பெண்டாட்டியாகிவிட்டேன் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே திட்டம் ஆரம்பமானது. அந்த ஊமைக் கோட்டான் வாய் ஓயாமல் பேசியது.

“காலை பஸ்ல போலாம். முன் சீட்டு. வளைவு வந்தா உனக்குத் தலை சுத்துமே.”

“எனக்கா? யார் சொன்னா? நான் ராட்டினத்துல நின்னுக்கிட்டே சுத்தினவ. கீழ நின்னு பாத்த எங்கப்பாவுக்குத்தான் தலை சுத்துச்சு.”

“இல்லல்ல, சுத்தும்,” என்றார், நோயாளியைச் சமாதானப்படுத்துகிற குரலில். “மேட்டு மேல ஒரு லாட்ஜ் இருக்கு. ஏரி தெரியற ரூம் கேட்டுடலாம். காலைல கண்ணு முழிச்சா ஏரி தெரியணும்னு உனக்கு ஆசையாச்சே.”

ஏரி என்ற வார்த்தையே என் வாயிலிருந்து வந்ததில்லை. கேட்காமலே மனசைப் படிக்கிறார் என்று நினைத்து உச்சி குளிர்ந்து போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். மஞ்சளா பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். நான் ஆள் வாட்டசாட்டம். தோளில் பிடித்தது, கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றார். “உனக்கு இந்தக் கலர்தான் எடுக்கும்.”

கடையில் எனக்கு ஒரு வேலை உண்டு. ஃபிரேமை மாட்டிவிட்டு, “என்னை நேராப் பாருங்க” என்று சொல்லி, கருவிழி நிற்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு ஆள் நிஜமாகப் பார்க்கிறாரா, பார்க்கிற மாதிரி இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாமல் போகாது. அன்றைக்கு அவர் பார்வை என் மேல் இல்லை. எனக்குப் பக்கத்தில், என்னைவிட ஒரு சாண் குள்ளமாக யாரோ நிற்கிற இடத்தில் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் இருந்தது.

மறுநாள் மாடியில் துணி எடுக்கும்போது பெண் என் பின்னாலேயே வந்து நின்றாள்.

“சித்தி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கோச்சுக்கிட்டாலும் சொல்லு.”

“இந்த முன் சீட்டு, ஏரி, ஸ்வெட்டர் எல்லாம் அம்மா போட்ட பிளான்.”

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எட்டு வயசு இருக்கும்போது, அவள் அம்மாவுக்கு அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாதாம். பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போதெல்லாம் மகளுக்குச் சொல்லுவாளாம். எந்த பஸ், எந்த சீட்டு, எந்த ரூம், காலையில் என்ன தெரியும். கேட்டுக் கேட்டுப் பெண்ணுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பையெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் குளித்துவிட்டு வந்த அம்மா, தலை வலிக்கிறது என்று படுத்தாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஏதோ நரம்பு வெடித்துவிட்டதாம்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இத்தனை நாள் நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது எனக்கான அழைப்பே இல்லையா? செத்துப்போனவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். பட்டேன். வயிறு எரிந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் சட்டையைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

“மலைக்கு யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க? என்னையா, அவளையா?”

அவர் கழற்றின பட்டனை மறுபடி மாட்டினார். “நீயே பிளான் போடு,” என்றார். “நீ எப்படிச் சொன்னாலும் சரி.”

போட்டேன். வீம்புக்கு எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டேன். ஏரி வேண்டாம், பள்ளத்தில் ஊசிமரக் காட்டுக்குள் தகரக் கூரை போட்ட ஒரு விடுதி. லீவு நாள் வேண்டாம், யாருமே போகாத குளிர் மாசம். முன் சீட்டு வேண்டாம், கடைசி சீட்டு, தூக்கித் தூக்கிப் போடட்டும். மனசு லேசாகிவிட்டது. பெண்ணைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன். அவள் பேயறைந்த மாதிரி நின்றாள்.

“அப்பா சொன்னாரா உங்களுக்கு?”

“என்னத்தை?”

“அம்மா முதல்ல இதைத்தான் சொன்னாங்க. தகரக் கூரைன்னா மழை விழற சத்தம் கேக்கும்னு. கடைசி சீட்டுன்னா என்னை மடியில படுக்க வெச்சுக்கலாம்னு. அப்புறம் எனக்கு மூச்சிரைப்பு வந்துச்சு. பள்ளத்துக் குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதாலதான் மேட்டு மேல, ஏரி தெரியற ரூமுக்கு மாத்தினாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைச் சத்தத்தை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. மனசுக்குள் மட்டும் நினைத்தது.

இரண்டு நாள் கழித்து, கடையில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் புதிதாகச் சிலதைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் பெண்ணை எதிரில் உட்கார வைத்தேன்.

“படகு வேணாம். குதிரை.”

“அம்மாவும் குதிரைதான் சொன்னாங்க. வெள்ளைக் குதிரை.”

நானும் வெள்ளைதான் நினைத்திருந்தேன். “சரி, ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது.”

“கேமராவைத் தூக்கிட்டு வராதீங்கன்னு அப்பாகிட்ட சண்டை போட்டாங்க.”

“சரிடி, ஊரையே சுத்த வேணாம். போய் மூணு நாளும் நல்லாத் தூங்கிட்டு வந்துடலாம்!”

“அதையும் அம்மா சொல்லியிருக்காங்க,” என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஏண்டி, என்னை வெச்சு விளையாடறியா?”

“சத்தியமா இல்ல சித்தி.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. “வேணாம் சித்தி. தேதி வெக்காதீங்க. கிளம்பற நாள்னு ஒண்ணு வெச்சா, முந்தின நாள்னு ஒண்ணு வந்துடும்.”

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் பயந்தது மலைக்கோ அம்மாவுக்கோ இல்லை, எனக்காக. இன்னொரு தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்று. இந்த வீட்டில் எனக்காகப் பயப்பட ஒரு ஜீவன் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை.

அதற்கப்புறம் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் வந்ததும் வராததுமாக, “தேதி சொல்லு, நான் லீவு போடணும்” என்பார். நாலு வருஷத்தில் அவர் எதற்கும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் பளபளவென்று இருக்கும். நான் வேறு பேச்சு எடுத்தால், “சீக்கிரம் சொல்லும்மா, காத்துக்கிட்டு இருக்கோம்ல” என்பார். பெண்ணோ, தேதி என்ற பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். அப்புறம் யார் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடையில் ஒருநாள் லேசாகத் தலை வலித்தது. எனக்குத் தலைவலி என்பதே வராது. கூட வேலை பார்க்கிறவள் சாதாரணமாக, “எப்போ கிளம்பறீங்க?” என்றாள். மாட்டிக்கொண்டிருந்த கண்ணாடி என் கையிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. முதலாளி கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால், பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கித் துடைத்து வாசல் பக்கம் வைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். நான் சுவரை ஒட்டி ஒதுங்கியே போனேன்.

தேதி சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? போக வேண்டாம் என்றால், இந்த வீட்டில் மூத்தவள்தான் என்றைக்கும் கிளம்பத் தயாராக இருப்பாள். நான் நாலு வருஷமாக இருந்த மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டு இருக்க வேண்டியதுதான். போகலாம் என்றால் அந்த முந்தின நாள் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

“எழுந்திருங்க. கிளம்பலாம்.”

“எங்க?”

“மலைக்கு. இப்பவே. கிளம்பற நாள் இன்னைக்குத்தான். முந்தின நாள் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

பெண்ணுக்கு அவரைவிட முதலில் புரிந்துவிட்டது. “ஐயோ சித்தி!” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் செருப்பைத் தேடி ஓடினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

“ஒண்ணும் எடுத்து வெக்கலையே,” என்றார் அவர்.

“குளுந்தா அங்க போய் ஒரு போர்வை வாங்கிக்கலாம். வாங்க.”

வந்தார். மறுப்பே சொல்லவில்லை. வழியெல்லாம் பெண்தான் பேசிக்கொண்டு வந்தாள். பஸ் நிலையத்தில் மலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. நடுவில் மூன்று பேர் சீட்டு காலியாக இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு, “தண்ணி வாங்கிட்டு வரேன்” என்று இறங்கினார்.

பஸ் உறுமியது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கடைப் பக்கமே போகவில்லை. எதிரில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க! பஸ் கிளம்புது, ஏறுங்க!”

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. விஷயம் தெரியாத சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. இப்படித் திடீர்னு சொன்னா எப்படி? அவ இன்னும் தலைகூட வாரலை.”

நான் எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டேன். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தால் போதும், வந்துவிடுவார். நாலு வருஷமாக வீட்டுக்குள் நான் கூப்பிட்டபோதெல்லாம் அவர் உடம்பு மட்டும் வந்து எதிரில் நின்றுகொண்டுதான் இருந்தது.

“ஏம்மா, இறங்கறீங்களா, வர்றீங்களா?” என்றார் கண்டக்டர்.

பின்னாலேயே வந்த பெண் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளும் அப்பாவைப் பார்த்துவிட்டாள். அழுதாள். “நாம போலாம் சித்தி,” என்றாள். நானும் அழுதேன், அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.

“வர்றோம்,” என்றேன்.

பஸ் திரும்பும்போது கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் மலைக்குப் போனோம். அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.