மெஷினில் வேறொருவர்

மதியத்துக்குப் பிறகு ஜிம்மில் ஆளே இருக்காது. அப்பாவும் மகனும் அதற்காகவே அந்த நேரத்தில் வருவார்கள். ஜிம் மாஸ்டர் பாட்டை நிறுத்திவிடுவார். சிமிட்டுகிற ட்யூப் லைட்டையும் அணைத்துவிடுவார். ஜன்னலோர ரோயிங் மெஷினில் உட்கார்ந்து மகன் துடுப்புப் போடுவதுபோல் இழுக்கத் தொடங்கினால், சங்கிலி போய்வரும் ஓசை மட்டும்தான். அப்பா பெஞ்சில் புத்தகத்தோடு குனிந்திருப்பார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் அவன்தான்.

மகனுக்கு ஆட்டிசம். வாய் திறந்தால், எங்கோ கேட்ட பேச்சு அதே குரலில் அப்படியே வரும். இந்த மெஷினைப் பழகிய பிறகு இரவில் அசந்து தூங்குகிறான். சுவரை ஒட்டியே நடந்தவன் தோள் விரிந்து நடக்கிறான். தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கிப்போவதும் அவன்தான். "என் இடுப்பு பொழைச்சுது" என்பாள் அம்மா.

முந்தைய ஜிம்மில் அவன் மெஷினில் வேறொருவர் உட்கார்ந்தபோது அலறிவிட்டான். இனி வர வேண்டாம் என்றார்கள். பக்கத்தில் இதை விட்டால் வேறு ஜிம் இல்லை.

இன்று மெஷினில் ஒருவர் இருந்தார். புதிதாகச் சேர்ந்த பேக்கரிக்காரர், நல்ல கனம்.

மகன் நின்றுவிட்டான். கைகள் காதைப் பொத்தின. உடல் முன்னும் பின்னும் ஆடியது. அப்பா பதறி எழுந்தார்.

"இருங்க சார்," என்றார் மாஸ்டர் மெதுவாக. "கொஞ்சம் பாப்போம்."

அப்பா நின்றபடியே, வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினார். நடக்காத தோல்விக்கும் முன்கூட்டியே துக்கம் கொண்டாடுவது அவர் சுபாவம்.

பேக்கரிக்காரர் கூன் போட்டபடி கையால் மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தார். மகன் அந்த முதுகையே பார்த்தான். கைகள் காதிலிருந்து இறங்கின. பக்கத்தில் போனான்.

"யோவ் மாமோய்! முதுகு கொக்கி மாதிரி வளையுது. அப்புறம் அத்தைய தைலம் தேய்க்கச் சொல்லி அழப்போற!"

எல்லாரையும் மாஸ்டர் அதட்டுகிற வசனம். அச்சு அசலாக அவர் குரல். பேக்கரிக்காரர் திடுக்கிட்டு மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியமா நான் வாயே திறக்கலைங்க," என்றார் மாஸ்டர், சிரிப்பை அடக்க முடியாமல்.

"மொதல்ல காலு. அப்புறம் முதுகு. கடைசியாத்தான் கை," என்றான் மகன். "ஓடுற பஸ்ஸையா புடிக்கப்போற? மெதுவா."

பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். காலை ஊன்றித் தள்ளினார். சங்கிலியின் ஓசை சீரானது. அது மகனுக்குப் பழகிய ஓசை. அவனுடைய ஆட்டம் அதோடு சேர்ந்து மெல்ல அடங்கியது.

"அட, இப்ப இடுப்பு புடிக்கலையே!" பேக்கரிக்காரர் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, மூச்சு வாங்க எழுந்தார். "வாப்பா, உன் சிம்மாசனத்தை நீயே வச்சுக்கோ."

மகன் உட்கார்ந்து இழுக்கத் தொடங்கினான்.

"நாளைக்கும் இதே நேரம்தானே சார்?" என்று மாஸ்டர் அப்பாவிடம் கேட்டார்.

"நானும் இந்த நேரத்துக்கே வரேன்," என்றார் பேக்கரிக்காரர். "சின்ன மாஸ்டரை விட்டுட்டா மறுபடி கூன் விழுந்துடும்."

அப்பா தலையாட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பக்கத்தில் விட்டார் என்று தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு மகன் வந்து எதிரே நின்றான்.

"யோவ் மாமோய்! முதுகு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.