விடை: வெள்ளி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றே உதிரட்டும்.

வானத்தில் எதையாவது பார்த்து மிரண்டவர்கள் வானிலை நிலையத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். பதில் போடுவது என் வேலை. பட்டம், பருந்து, பலூன், விமானம், வெள்ளி. முப்பது வருடத்தில் இந்த ஐந்தைத் தாண்டி ஆறாவது விடை எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. விளக்கி எழுதினால் மறுகேள்வி வருகிறதென்று மேலதிகாரி ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தார்: 'தங்கள் கடிதம் கிடைத்தது. விடை:' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரே சொல்தான் எழுத வேண்டும்.

ஒருநாள் என் அக்காவிடமிருந்தே கடிதம். "தினமும் பொழுது சாயுறப்ப மேற்கால ஒரு வெளிச்சம் வந்து நிக்குதுடா. கண் சிமிட்டவே மாட்டேங்குது. நேத்தைவிட இன்னிக்குப் பெரிசு. அது என்ன? எப்ப கீழ இறங்கும்?"

மேற்கு, மாலை, சிமிட்டாத ஒளி. எந்தக் கிரகம் எப்போது தெரியும் என்ற அட்டவணையைப் புரட்டிப் பார்க்காமலே எழுதினேன்: வெள்ளி.

நான் முதல் கேள்விக்குப் பதில் எழுதினேன். அவள் அதை இரண்டாவது கேள்விக்கு எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆபீசுக்குப் போன் வந்தது. "ஏன்டா, இறங்குற நாளை எழுதினவன் மணியையும் எழுதக் கூடாதா? உன் அட்டையைப் பார்த்துட்டுக் கட்டடமே காலி. லிஃப்டும் ஓடல. மாவுக்கட்டுக் காலோட உன் அத்தானை நாலு மாடி நான் எப்படிடா இறக்குவேன்?"

"அக்கா, அது கிழமை இல்ல, கிரகம்!"

"கிரகம்தான்டா! எனக்குத் தம்பின்னு வந்து பொறந்துச்சே, அந்தக் கிரகம்!"

போனை வைத்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் போனேன். முதல் மாடியில் கதவுகள் திறந்து கிடந்தன. இரண்டாவதில் யாரோ மூடாமல் போன குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் ஆளில்லா வீட்டில் ரேடியோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. சிரிப்பு அங்கேயே இறங்கிக்கொண்டது.

அத்தான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருந்தார். கட்டுப்போட்ட கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அதுக்கு இடம் பத்தல மச்சான். விழுந்தா விழட்டும், ஏற்கெனவே உடைஞ்சதுதானே" என்றார்.

அக்காவை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனேன். பொழுது சாய்ந்திருந்தது; மேற்கே அந்த ஒளி நின்றது. "பாரு, வெள்ளி. கோடிக்கணக்கான மைலுக்கு அந்தப்பக்கம் இருக்கு."

"அப்ப பக்கத்துல வர்றது?"

வெள்ளையாக ஒன்று வந்துகொண்டிருந்தது. எலுமிச்சை அளவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடம் அளவு, பிறகு எருமை. பட்டமா? நூலில்லை. பருந்தா? சிறகில்லை. விமானமா? சத்தமில்லை. பலூன் மேலேதானே போகும்? இது எங்களை நோக்கி இறங்குகிறது. வெள்ளியோ தன் இடத்திலேயே நிற்கிறது. ஐந்தும் தீர்ந்துவிட்டன.

அக்காவின் நகம் என் கையில் இறங்கியது. "சொல்லுடா, என்னது அது?"

நான் படிக்கதவைத்தான் பார்த்தேன்.

"அவரு தனியா இருக்காரு!" என்று அவள் படியிறங்கி ஓடினாள். நானும் ஓடினேன், அவளுக்கு முன்னால். மூன்று பேரும் மேசைக்கடியில் ஒடுங்கிக் கண்ணை மூடிக்கொண்டோம்.

தலைக்கு மேலே 'பொத்' என்றது. பிறகு சத்தமே இல்லை.

நெடுநேரம் கழித்து ஏறிப் பார்த்தோம். கிழிந்த ரப்பர், வெள்ளைப் பாராசூட் துணி, கயிற்றில் ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல் என் கையெழுத்து: 'பயப்பட வேண்டாம். இது வானிலைக் கருவி.' பிற்பகலில் எங்கள் ஆபீஸ் பறக்கவிட்ட பலூன், மேலே போய் வெடித்துத் திரும்பியிருந்தது.

அக்கா அந்தப் பெட்டியாலேயே என் மண்டையில் ஒன்று போட்டாள்.

"இறங்கிடுச்சா?" கீழேயிருந்து அத்தான் கத்தினார். "வெள்ளிக்கிழமைன்னு கரெக்டாத்தானே எழுதியிருக்கான்!"

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மேற்கே இன்னும் நின்ற ஒளியைக் காட்டி, "அது நிஜமாவே வெள்ளி. நிம்மதியா தூங்கு" என்று அக்காவுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அட்டவணையைப் புரட்டினேன். அந்த மாதம் முழுக்க வெள்ளி விடியற்காலையில், கிழக்கே மட்டும்தான் தெரிந்தது.