பூசையில் வைத்த லாப்டாப்

சரஸ்வதி பூசைக்குப் புத்தகமும் பேனாவும் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கதிர்காமநாதன் மனைவியின் லாப்டாப்பையும் வைத்தார். அது பரவாயில்லை. திரையில் ஏதோ எழுத்து ஓடிக்கொண்டிருக்க, ஓடுகிற சாமானைச் சாமிக்கு வைக்கக்கூடாதென்று பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டல்லவா வைத்தார்! மூடியில் சந்தனப் பொட்டு வேறு. பக்தி முற்றினால் மனுசன் இப்படித்தான்.

விஜயதசமிக் காலையில் மனைவி ரதிதேவி கும்பிட்டுவிட்டு அதைத் திறந்தாள். திரை கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் இரைந்தது.

அன்று மத்தியானம் பாட்டனி டவுன்ஸில், வீடுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு நேர்முகம். தான் கணினியில் கட்டிய வீட்டைத் திறந்து காட்ட வேண்டும். அவளுடைய மென்பொருள் அங்கே இல்லை. இந்த லாப்டாப்தான் கதி. யாழ்ப்பாணத்தில் வீட்டு வரைபடம் போட்டவள், ஆக்லாந்துக்கு வந்த நாள் முதல் உடுப்புக் கடையில் உடுப்பு மடிக்கிறாள்.

"நேற்று இதை என்னப்பா செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. நிப்பாட்டினது மட்டும்தான்."

"எழுத்து ஓடிக்கொண்டிருக்கேக்கையோ?"

அவர் ஓமென்று தலையாட்டினார். அவளுக்கு விளங்கிவிட்டது. லாப்டாப்பை ஓட்டும் லினக்ஸ் அப்போது கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பழையது போய்விட்டது, புதியது பாதியில் நிற்கிறது. டிரைவர் இல்லாமல் கார்டு திரைக்குப் படம் அனுப்பாது.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரைத் திட்டித் தீர்க்க ஒரு முழு நாள் வேண்டும். அது அவளிடம் இல்லை.

"ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில இருங்கோ," என்றாள்.

பழுதானால் திறக்க உதவும் மீட்பு முறையில் லாப்டாப்பைத் தொடக்கினாள். படம் வரவில்லை, வெள்ளை எழுத்து வந்தது. கட்டளை அடிக்க அது போதும். இதே தொல்லையில் மாட்டிய யாரோ ஒருவர் இணையத்தில் எழுதியிருந்த விடையைக் கதிர்காமநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஃபோனில் வாசித்தார்.

"டி, பி, கே, ஜி. பிறகு இடைவெளி. பிறகு ரெண்டு சின்னக் கோடு."

"சேத்தோ, விட்டோ?"

"பொறும், இன்னொருக்காப் பாக்கிறன். ஓம், சேத்துத்தான்."

தேவாரம் படிக்கிற கவனத்தோடு ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தார். விட்ட வேலையை முடிக்கச் சொல்லும் கட்டளை அது. எழுத்துகள் மறுபடி ஓடின. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாம் ஓடி முடிந்ததும் அவள் திரும்பத் தொடக்கினாள். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு திரை பளிச்சென்று வந்தது. ரதிதேவி அழுதுவிட்டாள்.

வீட்டைத் திறந்து சுழற்றிப் பார்த்தாள். தடையில்லாமல் சுழன்றது. இனி அணைக்கலாம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. "ஐயோ, வேண்டாம். இப்பிடியே கொண்டுபோவம்."

பிளாட் புஷ்ஷில் இருந்த வீட்டிலிருந்து அவள் காரை ஓட்ட, திறந்த லாப்டாப்பை மடியில் ஏந்தியபடி அவர் பக்கத்தில் இருந்தார். திரையில் அந்த வீடு: வாசலில் செருப்புக் கழற்ற இடம், இந்த நாட்டில் வெயில் வரும் வடக்குப் பக்கம் பார்த்த குசினி. இவ்வளவு காலமும் அவள் ஏதோ கேம் விளையாடுகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"இதை நீர் தனியவோ செய்தனீர்?"

"ஓம்."

"எனக்கு ஏன் காட்டேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் திரையில் அந்த வீட்டை வாசலிலிருந்து குசினிவரை மறுபடி பார்த்தார்.

"இண்டைக்கு அவை வேலை தராட்டியும் நீர் திரும்ப அந்தக் கடைக்குப் போக வேண்டாம். இந்த மாதிரி வேலை கிடைக்கும்வரைக்கும் தேடும். நான் இருக்கிறன்."

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ரதிதேவி கேட்க ஏங்கிய சொல் அது. அலுவலக வாசலில் காரை நிறுத்தி, அவர் மடியிலிருந்து லாப்டாப்பை வாங்கினாள். மூடினால் ஒன்றும் ஆகாதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூடாமலே இரு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள்.