அமலுக்கு வரும் தேதி

அரசு அச்சகத்தில் பிழை பார்ப்பவளுக்குக் கண்தான் சோறு போடுகிறது. அர்த்தம் பார்த்தால் வேலை ஓடாது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சட்டங்கள் அவள் கைவழியே போயிருக்கின்றன. ஒன்றாவது என்ன சொல்கிறது என்று கேளுங்கள், திருதிருவென்று முழிப்பாள்.

அன்று காலை ஓர் அவசரச் சட்டம் வந்தது. இப்படி ஏதாவது வந்தால் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அரசிதழ் வெளியாகும்வரை யாரும் வாசலைத் தாண்ட முடியாது. முதல் பிரிவிலேயே அவள் பென்சில் நின்றது. சட்டம் எந்த நாள் முதல் அமலுக்கு வரும் என்கிற இடத்தில் தேதி இல்லை, வெறும் புள்ளிகள். பெரிய பிழையைப் பிடித்துவிட்டதில் உள்ளுக்குள் ஒரே குஷி. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, சட்டத்தோடு வந்திருந்த சட்டத்துறை அதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"அடடா, நல்லவேளை பார்த்தீங்கம்மா! இப்படியே போயிருந்தா, திருத்தி மறுபடி போட ஒரு மாசம் ஆயிருக்கும். அதுக்குள்ள அவனவன் கடையக் கட்டிட்டுக் கிளம்பியிருப்பான்." அவர் உள்ளே போய் மேலிடத்தோடு பேசிவிட்டு வந்தார். "இன்னிக்கே போடச் சொல்லிட்டாங்க."

அவளே தன் கையால் தேதியை எழுதினாள். அப்புறம்தான் ஏழாம் பிரிவு. கிரிப்டோ காயினைப் பிறருக்காகப் பணமாக மாற்றித் தருவோருக்கு மூன்றாண்டுச் சிறை, ஜாமீன் கிடையாது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரிவின் அர்த்தம் அவளுக்குள் இறங்கியது. ஐயோ, தம்பி! வெளிநாட்டில் கூலி வேலை செய்பவர்கள் அனுப்பும் காயினை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டாருக்கு ரொக்கம் கொடுக்கிற கடைதானே அவனுடையது? நேற்றுவரை அதைக் குற்றம் என்று எவன் சொன்னான்? வங்கிக்காரன் பிடுங்குவதில் பாதிகூட அவன் எடுத்ததில்லையே!

"சார், என் போனை ஒரே ஒரு நிமிஷம் குடுங்க சார்."

"இத்தனை வருஷ சர்வீஸ். நீங்களே இப்படிக் கேக்கலாமாம்மா?"

அரசிதழ் பன்னிரண்டு மணிக்கே வெளியாகிவிட்டது. வாசல் சாவியையும் பெட்டிச் சாவியையும் வைத்திருந்த மகராசன் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மணி மூன்று. தம்பி மனைவியிடமிருந்து பதினாறு மிஸ்டு கால். போலீஸ் பட்டியலோடு தயாராக இருந்து, தம்பியைக் கடையிலேயே பிடித்துக்கொண்டு போயிருந்தது.

ஐந்தாம் நாள்தான் சிறையில் அவனைப் பார்க்க விட்டார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் கன்னம் ஒட்டிப்போய் நின்றான்.

"ஒரு வாரம் டைம் குடுத்திருந்தாக்கூட மூடிட்டு வேற பொழப்பு பார்த்திருப்பேன்க்கா. வர்றவங்க எல்லாரும் பாவப்பட்ட ஜனம், அதனாலதான் கடையத் தொறந்தே வெச்சிருந்தேன். அன்னிக்கே அமல்னு தேதி போட்டானே ஒருத்தன், அவன் குடும்பம் விளங்காமப் போகட்டும்!"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நான்தான்டா போட்டேன். எடம் காலியா இருந்துச்சு. நான்தான் போய்க் கேட்டேன். அது உன்மேல பாயும்னு தெரியாதுடா."

அவன் கம்பிவலையைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காவலர் நேரமாயிற்று என்று தோளைத் தொட்டதும், அவன் வலையருகே குனிந்தான்.

"இத வீட்ல அவகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. அப்புறம் உன்ன வாசப்படி ஏற விடமாட்டா. என் பிள்ளைங்களுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

அவன் திரும்பிப் போய்விட்டான். அவள் கம்பிவலையில் நெற்றியை முட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள்.